கணக்குக் காட்டாதவனும் அவன் மச்சானும் - உத்திரமேரூரில் ஒரு நடை

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. இன்னிக்கு சரித்திரம். பயப்படாதீங்க, நடுவுல கொஞ்சம் சொந்தக் கதையும் உண்டு :-)

சொந்தக் கதையை முதல்ல சொல்லிடறேன். எங்க நகர்ல ஒரு சின்ன பூங்கா இருக்கு. அதைச் சுத்தி 400 மீட்டருக்கு ஒரு நடைபாதை. வீட்டுக்கு ரெண்டாயிரம்னு 92 வீட்டுல வசூல் பண்ணி, அதாவது 1,84,000 ரூபாயில, நாங்களே போட்டது. பூங்காக் கமிட்டிக்கு அப்போ பொருளாளர் யாருன்னு கேட்டீங்கன்னா, அடியேன்தான். பாதை போட்டு ரெண்டு வருஷமாச்சு. தாத்தா பாட்டிங்க நடக்கறாங்க, குழந்தைங்க சைக்கிள் விடறாங்க, எல்லாம் அமோகம். ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி. நான் இன்னும் கணக்கு காட்டலை.

உடனே தப்பா நினைக்காதீங்க. ஒத்தை ரூபா எடுத்ததில்லை. பில் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுல போட்டு வச்சிருந்தேன். ஒரு நாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தா, 11,400 ரூபாய்க்கு பில்லே இல்லை. மண் தள்ளினவங்களுக்குக் கையில கொடுத்த கூலி, டீ, வடை, அவசரத்துக்கு வாங்கின நாலு மூட்டை சிமெண்ட். செலவு நிஜம், காகிதம் இல்லை. "அடுத்த மாசம் காட்டிடலாம்"னு தள்ளித் தள்ளி ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. முதல்ல யாராவது கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் கேட்கறதை நிறுத்திட்டாங்க. நான் நடக்கப் போனா, பெஞ்சுல உட்கார்ந்து பேசிட்டு இருக்கறவங்க பேச்சை நிறுத்திட்டு "என்ன சார், சௌக்கியமா"ம்பாங்க. அந்த சௌக்கியமா இருக்கே, அதைக் கேட்டுட்டு ரெண்டாவது சுத்து வர முடியாது. நான் போட்ட பாதையில நானே நடக்கறதை நிறுத்தி எட்டு மாசம் ஆகியிருந்தது.

இந்த நிலைமையிலதான் புதுக் கமிட்டி போடற பேச்சு வந்தது. என்னை செயலாளரா போடலாம்னு ரெண்டு பேர் சொன்னாங்க. பொருளாளருக்கு என் மச்சான், அதாவது வீட்டுக்காரம்மாவோட தம்பி. அவனும் அதே நகர்லதான் குடியிருக்கான். "மாமா, விடுங்க, பழசையெல்லாம் நோண்டாதீங்க. நான் புதுக் கணக்கா ஆரம்பிச்சு உங்களுதையும் அதுல சேர்த்து முடிச்சுடறேன்"னான். எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்தது.

அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமைதான் உத்திரமேரூர் போனோம்.

அம்மாவுக்குப் பொறந்த ஊர் அந்தப் பக்கம். "கண்ணு நல்லா இருக்கறப்பவே ஒரு தடவை சுந்தர வரதரைப் பார்த்துடணும்டா"ன்னு ஆறு மாசமா சொல்லிட்டு இருந்தாங்க. பையனுக்கு எட்டு வயசு, பொண்ணுக்குப் பதிமூணு, அம்மாவுக்கு எழுபத்திரெண்டு. இவங்க மூணு பேரும் ஒண்ணா நடக்கற மாதிரி ஒரு இடம் கண்டுபிடிக்கிறது லேசுப்பட்ட காரியமா? உத்திரமேரூர் அப்படி ஒரு இடம். மலை கிடையாது, ஏத்தம் இறக்கம் கிடையாது. காஞ்சிபுரத்துலேர்ந்து பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல ஊர் வந்துடும். பஸ் ஸ்டாண்டு பக்கத்துலேயே வைகுந்தப் பெருமாள் கோயில். அங்கேர்ந்து சுந்தர வரதர், பாலசுப்ரமணியர், கைலாசநாதர்னு கோயில் கோயிலா நடந்து, கடைசியா ஏரிக்கரையில முடிச்சுக்கலாம். இதுக்கு யாரும் பலகை நட்டு 'நடைபாதை'ன்னு பேர் வைக்கலை. ஆனா ஆயிரம் வருஷமா ஜனங்க நடந்துக்கிட்டு இருக்கற பாதை.

முதல்ல வைகுந்தப் பெருமாள் கோயில். பெரிய கோபுரத்தை எதிர்பார்த்துப் போனா ஏமாந்துடுவீங்க. சின்ன சன்னதி, முன்னாடி கல்லுல ஒரு மண்டபம். தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. பையன் உள்ள போனதும் "அவ்ளோதானா?"ன்னான். அவ்ளோதான்டா. ஆனா அந்த மண்டபத்தோட சுவருல இருக்கற எழுத்தைப் பத்தித்தான் நம்ம பள்ளிக்கூடப் புத்தகத்துல 'குடவோலை முறை'ன்னு அரைப் பக்கம் போட்டு, ரெண்டு மார்க் கேள்வி கேட்டு நம்மளைக் கொன்னாங்க.

சரி, மேட்டருக்கு வருவோம்.

இந்த ஊருக்குப் பழைய பேர் உத்தரமேரு சதுர்வேதிமங்கலம். காலியூர்க் கோட்டத்துல இருந்தது. பல்லவர் காலத்துல, எட்டாம் நூத்தாண்டுல, பிராமணர்களுக்குக் கொடுத்த பிரம்மதேய ஊர். இப்போ அது ஒரு பேரூராட்சி. அந்தக் காலத்துல ஊரை நிர்வாகம் பண்ணினது சபை. அந்த சபை கூடின இடம்தான் இந்த மண்டபம். முதலாம் பராந்தக சோழன் (ஆட்சி 907-955) காலத்துல, அவனோட 12ஆம் ஆட்சியாண்டுல ஒண்ணு, 14ஆம் ஆட்சியாண்டுல ஒண்ணுன்னு ரெண்டு கல்வெட்டு. கிறிஸ்து வருஷக் கணக்குல 919, 921. தமிழ் எழுத்தும் கிரந்த எழுத்தும் கலந்து இருக்கும். பத்தொன்பதாம் நூத்தாண்டு முடியற சமயத்துல கல்வெட்டுத் துறை படியெடுத்தாங்க. வெங்கய்யா அதை விளக்கி எழுதினார். அதுக்கப்புறம் நீலகண்ட சாஸ்திரி விரிவா எழுதினார். பிரான்சுவா குரோவும் நாகசாமியும் சேர்ந்து இந்த ஊரைப் பத்தி பிரெஞ்சுல ஒரு புத்தகமே போட்டாங்க, 1970ல. 2020 டிசம்பர்ல புது நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினப்போ பிரதமர் பேச்சுலயும் இந்தக் கல்வெட்டு வந்தது. ஆக, பேர் தெரிஞ்ச கல்லுதான். ஆனா என்ன எழுதியிருக்குன்னு முழுசாப் படிச்சவங்க கம்மி. நானும் அன்னிக்குப் போறதுக்கு முந்தின ராத்திரிதான் மொழிபெயர்ப்பை எடுத்துப் படிச்சுட்டு, குழந்தைங்க முன்னாடி பெரிய அறிஞர் மாதிரி நின்னேன்.

ஊரை 30 குடும்பாப் பிரிச்சிருந்தாங்க. குடும்புன்னா இப்போ நாம சொல்ற வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்புலயும் தகுதி இருக்கறவங்க பேரை ஓலையில எழுதணும். அந்தக் குடும்போட ஓலைங்களை ஒரு கட்டாக் கட்டி, மேல எந்தக் குடும்புன்னு ஒரு வாயோலை. முப்பது கட்டையும் ஒரு குடத்துல போடணும். குடத்துல போட்ட ஓலை, அதனால குடவோலை.

எங்கே வச்சு எடுக்கணும்? மூடின ரூம்ல இல்லை. சின்னவங்க பெரியவங்க எல்லாரும் இருக்கற முழு சபை நடுவுல. ஊர்ல இருக்கற கோயில் நம்பிமார் ஒருத்தர் விடாம மண்டபத்துக்குள்ள வந்து உட்காரணும். அவங்கள்ல வயசானவர் எழுந்திருச்சு குடத்தை எல்லாருக்கும் தெரியற மாதிரி தூக்கிக் காட்டணும். அப்புறம் உள்ள என்ன இருக்குன்னே தெரியாத ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு ஒரு கட்டை எடுக்கச் சொல்லணும். அந்தக் கட்டை அவிழ்த்து வேற காலிக் குடத்துல போட்டுக் குலுக்கணும். அதுலேர்ந்து அந்தப் பையன் ஒரே ஒரு ஓலை எடுப்பான். அதை மத்தியஸ்தர் கையில கொடுப்பான். மத்தியஸ்தர் எப்படி வாங்கணும் தெரியுமா? அஞ்சு விரலையும் அகல விரிச்சு, உள்ளங்கையில வாங்கணும். விரலிடுக்குல வேற ஓலை ஒளிச்சு வச்சிருக்கக் கூடாதுல்ல? வாங்கி அவர் உரக்கப் படிக்கணும். அப்புறம் அங்க இருக்கற நம்பிமார் எல்லாரும் அதே ஓலையை வாங்கிப் படிக்கணும். இப்படி முப்பது குடும்புக்கும் முப்பது பேர்.

என் பையன் அஞ்சு விரலையும் விரிச்சு என் முன்னாடி நீட்டி, "இப்படியா?"ன்னான். அம்மா சிரிச்சாங்க. "அந்தக் காலத்துலயே திருடனுங்க இருந்திருக்கானுங்க. இல்லாட்டி எதுக்கு இவ்ளோ பந்தோபஸ்து?"

சரியான கேள்விங்க. 919ல ஒரு தடவை விதி போட்டாங்க. ரெண்டே வருஷத்துல, 921ல, திரும்பக் கூடி மாத்தினாங்க. ஏன்? துஷ்டர்கள் அழிஞ்சு நல்லவங்க நல்லா இருக்கணும்னு கல்லே காரணம் சொல்லுது. முதல் தடவை ராஜாவோட ஆளா தத்தனூர் மூவேந்தவேளான் பக்கத்துல இருந்தாரு, ரெண்டாவது தடவை சோமாசிப் பெருமான். வயசு வரம்பு முதல்ல 30லேர்ந்து 60. மாத்தினப்போ 35லேர்ந்து 70. போட்ட விதி சரியா வேலை செய்யலைன்னா ஒத்துக்கிட்டுத் திருத்தி, அதையும் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. எனக்குக் குடத்தை விட இதுதான் பெருசாத் தெரிஞ்சுது.

எடுத்த முப்பது பேர்ல, ஏற்கெனவே தோட்ட வாரியம், ஏரி வாரியம் பார்த்தவங்க, படிச்சவங்க, மூத்தவங்கன்னு 12 பேர் சம்வத்சர வாரியம். இதுதான் வருஷாந்தரக் கமிட்டி. மீதியில 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். இதைத் தவிர பஞ்சவார வாரியம், பொன் வாரியம்னு தனியா ரெண்டு. பதவி 360 நாள். நடுவுல குத்தம் பண்ணினா அப்பவே இறக்கிடலாம்.

'தோட்ட வாரியம்'னதும் வீட்டுக்காரம்மா திரும்பிப் பார்த்தாங்க. "ஏங்க, உங்க பூங்காக் கமிட்டி மாதிரியா?"ன்னாங்க. அந்தத் தோட்டம் பூங்கா இல்லை, கொல்லை தோப்புன்னு விளைச்சல் பார்க்கற தோட்டம்னு சொல்லி சமாளிச்சேன். சமாளிச்சதோட விட்டிருக்கலாம். அறிவாளித்தனம் விடலையே. அடுத்ததா தகுதி என்ன, தகுதிக் குறைவு என்னன்னு ஆரம்பிச்சேன்.

தகுதி: கால் வேலிக்கு மேல வரி கட்டற நிலம் இருக்கணும். ஒரு வேலின்னா ஆறரை ஏக்கருக்கு மேல வரும். சொந்த மனையில வீடு கட்டி இருக்கணும். 35க்கு மேல 70க்குக் கீழ வயசு. வேதம் தெரிஞ்சிருக்கணும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் நல்லாத் தெரிஞ்சா அரைக்கால் வேலி நிலம் போதும். காரியத்துல கெட்டிக்காரனா, சம்பாத்தியத்துல சுத்தமானவனா இருக்கணும். போன மூணு வருஷத்துல எந்த வாரியத்துலயும் இருந்திருக்கக் கூடாது.

தகுதிக் குறைவு: மகாபாதகம் பண்ணினவன், அடுத்தவன் பொருளைத் திருடினவன், பொய்க் கையெழுத்து போட்டவன், கழுதை ஏறினவன்னு பட்டியல் நீளுது. இதுக்கெல்லாம் மேல முதல்ல வர்றது யாரு தெரியுமா? ஏற்கெனவே வாரியம் பார்த்து, கணக்குக் காட்டாம இருக்கறவன்.

அவன் பேரை ஓலையில எழுதவே கூடாது. அவன் பேரை மட்டும் இல்லை. அவனோட சித்தி பிள்ளை, பெரியம்மா பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, தாய்மாமன், சித்தப்பன் பெரியப்பன், கூடப் பிறந்தவன், மாமனார், பொண்டாட்டி கூடப் பிறந்தவன்...

அங்க நிறுத்திட்டேன்.

வீட்டுக்காரம்மா சிரிக்க ஆரம்பிச்சாங்க. சின்னச் சிரிப்பு இல்லை, தூணைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கறாங்க. "அப்போ என் தம்பியும் அவுட்டா?" என்னத்தைச் சொல்ல? அவன் மட்டுமா, அக்கா தங்கச்சி புருஷன், அவங்க பிள்ளைங்க, மருமகன், அப்பன், மகன் எல்லாரும் அவுட்டு. பையன், "அப்பா, நானும் அவுட்டா?"ன்னான். ஆமாடா கண்ணா. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே உங்கப்பனால உனக்குப் போச்சு.

எனக்கு சிரிப்பு வரலை. ஏன்னா ராத்திரி படிச்சப்போ இன்னொண்ணும் படிச்சிருந்தேன், அதைச் சொல்லலை. கணக்கு எழுதறவனைப் பத்தி அதே கல்வெட்டுல கடைசியில வருது. ஒருத்தன் எழுதின கணக்கை அவனே கொண்டு வந்து பெரியவங்க முன்னாடி காட்டணும். அது சுத்தம்னு ஆன பிறகுதான் அவனை மறுபடி வேலையில வைக்கலாம். அவன் கணக்கை முடிக்க வேற கணக்கனை உள்ள விடக் கூடாது.

மச்சான் சொன்னது ஞாபகம் வந்தது. "உங்களுதையும் அதுல சேர்த்து முடிச்சுடறேன்."

அந்த உறவுப் பட்டியல் எதுக்குன்னு அங்க நின்னப்போதான் உறைச்சது. பழிவாங்கறதுக்கு இல்லை. கணக்குக் காட்டாதவன் அடுத்த வருஷம் தானே வர மாட்டான், மச்சானை அனுப்புவான். மச்சான் வந்து பழசை மூடிடுவான். 921ல இருந்தவங்களுக்கு என் வீட்டு விவகாரம் முழுக்கத் தெரிஞ்சிருக்கு.

பொண்ணு மட்டும் சிரிக்காம சுவத்தையே பார்த்துட்டு இருந்தா. "அப்பா, இதுல பொண்ணுங்க பேர் எழுதலாமா?"ன்னா. இல்லம்மா. "ஆயா வீட்டுக்காரங்க பேரு?" அம்மா முந்திக்கிட்டாங்க: "நம்ம ஆளுங்களுக்கு அந்த மண்டபத்துக்குள்ளயே வேலை இருந்திருக்காதுடி."

அதுவும் உண்மைதான். இதைச் சொல்லாம விட்டா நான் எழுதறது சரித்திரம் ஆகாது, பெருமை ஆயிடும். வேதம் படிச்ச, நிலம் வச்சிருந்த பிராமண ஆம்பளைங்களுக்குள்ள நடந்த தேர்வு இது. அந்த நிலத்துல உழுதவங்க பேரு எந்தக் குடத்துலயும் விழலை. மத்த ஊர்கள்ல 'ஊர்'னு ஒரு அவையும், வியாபாரிங்களுக்கு 'நகரம்'னு ஒண்ணும் இருந்தது. அவங்க இவ்வளவு விரிவா விதி எழுதி வச்சது நமக்குக் கிடைக்கலை. இன்னொண்ணு, இது ஓட்டுப் போடறதும் இல்லை. ஓட்டுன்னா ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கறது. இது சீட்டுக் குலுக்கல். தகுதி இருக்கறவன் எவனும் ஒண்ணுதான், யார் வரணும்னு குடம் சொல்லட்டும்னு விடறது. 'உலகத்தின் முதல் தேர்தல்'னு வாட்சப்புல வந்தா அதை ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி இதை யோசிங்க மக்களே.

உத்திரமேரூருக்கும் முன்னாடியே இந்தப் பழக்கம் உண்டு. அகநானூறு 77ஆம் பாட்டுல, பருந்து பிணத்தோட குடலை இழுக்கறதுக்கு உவமையா, கயிறு கட்டின குடத்துலேர்ந்து முத்திரையைப் பிரிச்சு ஓலை எடுக்கறவங்களைச் சொல்லுது. உவமையாச் சொல்லணும்னா கேட்கறவனுக்கு அது பழகின காட்சியா இருந்திருக்கணும். திருநெல்வேலிப் பக்கம் மானூர்ல, உத்திரமேரூருக்கு நூறு வருஷம் முந்தின பாண்டியர் கல்வெட்டு ஒண்ணு, சபையில யார் உட்காரலாம்னு விதி சொல்லுது.

நம்ம ஊர்ல மட்டும்னும் இல்லை. கிரேக்கத்துல ஏதென்ஸ் நகரத்துல பத்து கூட்டத்துக்கு ஐம்பது பேர்னு 500 பேர் அவைக்குச் சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தாங்க. முப்பது வயசு ஆகியிருக்கணும், ஒரு வருஷப் பதவி, ஆயுசுல ரெண்டு தடவைக்கு மேல கிடையாது. பதவி முடிஞ்சதும் கணக்கு ஒப்படைக்கணும், அதுக்குத் தனியா விசாரணை. அங்கேயும் பொண்ணுங்களுக்கும் அடிமைங்களுக்கும் இடம் கிடையாது. இத்தாலியில வெனிஸ் நகரத்துல தலைவரைத் தேர்ந்தெடுக்கற சிக்கலான முறையில, உருண்டையை எடுத்துக் கொடுக்க ஒரு சின்னப் பையனைத்தான் கூப்பிட்டாங்க. உத்திரமேரூர்க்காரங்களுக்கும் வெனிஸ்காரங்களுக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ஆனா பெரிய மனுஷன் கையை நம்பக் கூடாதுங்கறது ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு.

பொண்ணு கேள்விக்கு ஒரு பதில் இருக்கு. 1993 ஏப்ரல்ல 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்து, ஊராட்சிகள்ல மூணுல ஒரு பங்கு இடம் பொண்ணுங்களுக்குன்னு ஆச்சு. தமிழ்நாட்டுல 2016ல சட்டம் போட்டுப் பாதியாக்கினாங்க. ஆக, 921லேர்ந்து கணக்குப் போட்டா ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு, அவ பேர் எழுதறதுக்கு. சொன்னேன். "அவ்ளோ லேட்டா?"ன்னா. என்னால வேற பதில் சொல்ல முடியலை.

வெளியே வந்து சுந்தர வரதர் கோயிலுக்கு நடந்தோம். பல்லவர் காலத்துக் கோயில். மூணு நிலை. கீழ பெருமாள் நின்ன கோலம், நடுவுல உட்கார்ந்த கோலம், மேல படுத்த கோலம். படியேறிப் போய் மூணையும் பார்க்கலாம். அம்மா படி ஏறுவாங்களான்னு பயந்தேன். பேரனைப் பிடிச்சுக்கிட்டு ஏறிட்டாங்க. படுத்திருக்கற பெருமாளைப் பார்த்துட்டு, "கீழ நின்னு பார்த்தாரு, உட்கார்ந்து பார்த்தாரு, இந்த ஜனங்களைத் திருத்த முடியாதுன்னு மேல வந்து படுத்துட்டாரு"ன்னாங்க. என்னைப் பார்த்துத்தான் சொன்னாங்க.

அப்புறம் பாலசுப்ரமணியர், கைலாசநாதர். கைலாசநாதர் கோயிலுக்குக் கீழ கல்லு, மேல செங்கல். பையனுக்கு அதுக்குள்ள கால் வலி வந்து, தோள்ல ஏறிட்டான். கடைசியா ஏரி.

உத்திரமேரூர் ஏரிக்குப் பழைய பேர் வயிரமேகத் தடாகம். வயிரமேகன்னா பல்லவன் தந்திவர்மனோட பட்டப்பேர். ஒன்பதாம் நூத்தாண்டுல வெட்டினது. இந்த ஏரியில சேர்ற வண்டலை எடுக்கறதுக்குன்னே தர்மம் எழுதி வச்ச கல்வெட்டுகள் இந்த ஊர்ல உண்டு. அந்தப் பணத்தை வாங்கி, ஆள் வச்சு வண்டல் எடுத்து, கரையைப் பார்த்துக்க வேண்டியது ஏரி வாரியம். யோசிச்சுப் பாருங்க. இந்தப் பக்கம் பெரிய ஆத்துப் பாசனம் கிடையாது. ஏரிதான் சோறு. வண்டல் எடுக்கறேன்னு காசு வாங்கினவன் எடுக்காம விட்டா அந்த வருஷம் தெரியாது. அடுத்த வருஷமும் தெரியாது. மெல்ல மெல்ல ஏரி மேடாகி, ஒரு கோடையில தண்ணி கடைமடைக்கு எட்டாமப் போகும்போதுதான் தெரியும். அப்போ கணக்குக் கேட்கலாம்னா வாங்கினவன் இருக்க மாட்டான். அதனாலதான் வருஷா வருஷம் காட்டுன்னு கல்லுல வெட்டியிருக்காங்க.

சாயங்கால வெயில்ல கரை மேல நடந்தோம். கொக்கு நின்னுட்டு இருந்தது. அம்மா சின்ன வயசுல இந்தக் கரையில நடந்துதான் சித்தி வீட்டுக்குப் போவாங்களாம். வீட்டுக்காரம்மா பக்கத்துல வந்து, சத்தமில்லாம, "அந்தப் பதினோராயிரத்துக்கு என்ன பண்ணப் போறீங்க?"ன்னாங்க. நான் சொல்லவே இல்லை, எப்படித் தெரியும்னு கேட்டேன். "பிஸ்கட் டின்னு என் சமையலறையிலதானே இருக்கு"ன்னாங்க.

அடுத்த ஞாயிறு கூட்டம். நாலு பக்கத்துல கணக்கு எழுதிக் கொண்டு போனேன். வரவு 1,84,000. பில் இருக்கற செலவு 1,72,600. பில் இல்லாதது 11,400, அதுக்கு ஞாபகத்துல இருக்கறதைத் தேதியோட எழுதியிருந்தேன். நானே எழுந்து படிச்சேன். குரல் கொஞ்சம் நடுங்கிச்சு. ஒருத்தர் "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே சார்"னார். சொல்லியிருக்கலாம்தான். இன்னொருத்தர் சிமெண்ட் மூட்டை விலையைக் கேட்டார். அரை மணி நேரம் கேள்வி. நகர்ல மூத்த அம்மா ஒருத்தங்க, "கூலி கொடுத்ததை நான் பார்த்தேன், வடை தின்னதையும் பார்த்தேன்"னாங்க. எல்லாரும் சிரிச்சதுல கொஞ்சம் மூச்சு வந்தது. கூலியை ஏத்துக்கிட்டாங்க. சிமெண்டு காசு 1,600ஐ நான் கட்டணும்னு முடிவாச்சு. கட்டிட்டேன். எல்லாரும் திருப்தியாப் போனாங்கன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு பேர் இன்னும் சரியாப் பேசறதில்லை.

செயலாளர் பதவிக்கு என் பேரை எழுத வேண்டாம்னு நானே சொல்லிட்டேன். மூணு வருஷம் கழிச்சுப் பார்க்கலாம். மச்சானும் விலகிட்டான். கொஞ்சம் கோபம்தான் அவனுக்கு. "உங்களுக்கும் ஒரு கல்லுக்கும் நடுவுல நான் மாட்டிக்கிட்டேன் மாமா"ன்னான். புதுப் பொருளாளரா நாலு பேர் பேரை எழுதிப் போட்டு, குடம் இல்லாததால ஒரு குக்கர்ல குலுக்கி எடுத்தோம். எடுத்தது என் பையன். அவன் அவுட்டு ஆச்சேன்னு நீங்க கேட்கலாம். பேர் எழுதத்தான் தடை, எடுக்கறதுக்கு இல்லையே :-)

மறுநாள் காலையில ஆறு மணிக்கு பூங்காவுல மூணு சுத்து நடந்தேன்.

டிஸ்கி: உத்திரமேரூர் போறவங்க காலையில சீக்கிரமா போங்க. உச்சி நேரத்துல கல்லுல கால் வைக்க முடியாது, கோயில்களும் சாத்தியிருக்கும். தண்ணி, குழந்தைங்களுக்குத் தொப்பி எடுத்துக்கங்க. கல்வெட்டு மேல கை வைக்காதீங்க, சுண்ணாம்புக் கட்டியால தேய்க்கவும் வேண்டாம். முந்தின ராத்திரி மொழிபெயர்ப்பைப் படிச்சுட்டுப் போங்க. ஏதாவது கமிட்டியில பொருளாளரா இருந்தவங்க, வீட்டம்மாவைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிச்சுக்கங்க.